குளிருக்கு நிறுத்தி வைத்த வண்டி

மகளுக்குத் தலைப்பிரசவம் பார்க்க அமெரிக்கா போன அப்பன் எங்கள் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போக வேண்டியவள் என் மனைவி. அவள் அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். சம்பந்தியம்மாவுக்கு மூட்டு வலி, விமானத்தில் அத்தனை நேரம் காலை மடக்கி உட்கார முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் முப்பது வருஷம் வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்த நான், சூட்கேஸில் சுக்கும் பெருங்காயமும் பிள்ளை மருந்துச் சாமானும் அடைத்துக்கொண்டு நியூ ஜெர்சியில் போய் இறங்கினேன். தொண்ணூற்றாறோ, தொண்ணூற்றேழோ. ஆயுத பூஜைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எடிசன் என்கிற ஊருக்குப் பக்கத்தில் வீடு. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. மகளுக்கு அப்போது ஆறு மாதம். சமையலறையில் ஒரு கதவைத் திறந்தால் கராஜ். கார் நிற்கும் இடத்துக்கு ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஜப்பான்காரன் வண்டி, கறுப்பு, பழசுதான். கூட வேலை செய்யும் ஒருவரிடம் அந்தக் கோடையில் வாங்கினாராம். மாப்பிள்ளை அதைப் பார்க்கும் பார்வையிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது ஆசைப்பட்டுக் கிடைக்காத வண்டியை இத்தனை தூரம் வந்து வாங்கியிருக்கிறார்.

ஆயுத பூஜை அன்றைக்கு வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். எலுமிச்சம்பழம் இரண்டு சக்கரத்துக்கு அடியிலும் வைத்து, மாப்பிள்ளை ஏற்றி நசுக்கித் தெருமுனை வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். மகள் சமையலறைப் படியிலேயே நின்றாள். இறங்கி வரவில்லை. ஊரில் பூஜைக்கு எல்லோரும் ஆயுதத்துக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பார்கள். எனக்கு அதுவும் கிடையாது. மாடு ஆயுத பூஜை பார்த்து மடி கொடுப்பதில்லை. சந்தனம் காய்வதற்குள் கேனை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதனால் மாப்பிள்ளை அடுத்த வாரம் சொன்னது எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"இன்னும் ரெண்டு மூணு வாரந்தானுங்க மாமா. அப்புறம் வண்டிய நிறுத்திரணும்."

"ஏனுங் மாப்ளை, ரிப்பேருங்களா?"

"ரிப்பேர் இல்லீங்க. விண்டர் வந்துருது. ஸ்னோ விழுந்தா, அது கரையறதுக்கு ரோட்டுல உப்பக் கொட்டுவாங்க, வண்டி துருப் புடிச்சுரும். மார்ச் வரைக்கும் ஸ்டோரேஜ்தான்."

"அஞ்சு மாசம் சும்மாவே நிக்குங்களா?"

"சும்மாவே நிக்கும். ஆனா நிறுத்தறதுக்கு முன்னாடி நெறைய வேலை இருக்குங்க மாமா. நீங்கதான் கூட இருந்து பண்ணிக் குடுக்கோணும்."

சரி என்றேன். ஊரில் நான் பால் கேன் மாட்டி ஓட்டின மோட்டார் சைக்கிள் முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் நின்றது. எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்திருந்தபோது. வண்டியை வீட்டுக்குள் ஏற்றிப் பால் கேன் இருக்கிற அறையில் நிறுத்தினோம். படுத்த படுக்கையிலேயே நான் சொன்ன முதல் வேலை, டேங்கில் இருக்கிற பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் இறக்கிவிடு என்பதுதான். திருட்டுக்குப் பயம், அடுப்புக்குப் பயம், அதைவிடப் பாலுக்குப் பயம். பால் மாதிரி வாசனை பிடிக்கிற வஸ்து உலகத்தில் இல்லை. வெங்காயக் கூடை பக்கத்தில் வைத்தால் வெங்காயம் மணக்கும். பெட்ரோல் பக்கத்தில் வைத்தால் அந்தப் பாலைப் பூனைகூடக் குடிக்காது.

இரண்டு நாள் கழித்து, மாப்பிள்ளை ஆபீஸ் போன பிறகு, மகள் பீன்ஸ் அரிந்துகொண்டே பேச்சை எடுத்தாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு கண்ணு."

"எனக்கு அந்த வண்டி வேண்டாம்ப்பா. கொழந்த வர்ற வீட்டுல வேண்டாம். எத்தன தடவ சொல்லிட்டேன். சும்மா பயப்படறேன்னு சிரிக்கறாரு. கடசியா ஒரு டீல் பேசியிருக்கோம். மார்ச்ல எடுக்கறப்ப ஒழுங்கா ஸ்டார்ட் ஆகி ஓடுச்சுன்னா இருக்கட்டும். மக்கர் பண்ணுச்சுன்னா வித்துடறேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு."

"அதுக்கு?"

"நீங்கதானே கூட இருந்து செய்யப் போறீங்க. ஏதாவது ஒண்ண விட்ருங்க. ஒண்ணே ஒண்ணு."

சொல்லிவிட்டு முகவாய்க்கட்டையைத் தடவினாள். அங்கே ஒரு தழும்பு உண்டு. அவளுக்கு எட்டு வயதில் வந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அழுதாள். எனக்கும் ஊற்றவேண்டிய வீடு பாக்கி இருந்தது. இரண்டு பக்கமும் நிறை கேன், அவளை டேங்க் மேலே உட்காரவைத்துக்கொண்டு முறுக்கினேன். வாய்க்கால் வளைவில் சறுக்கிவிட்டது. ரோடு முழுக்கப் பால். அவள் தாடையில் நாலு தையல். வீட்டில் என் மனைவியிடம் என்ன சொன்னேன் என்றால், பள்ளிக்கூட ஊஞ்சலில் விழுந்துவிட்டாள் என்று. வழியிலேயே சொல்லிவைத்திருந்ததால் மகளும் ஆமாம் என்றாள். என் மனைவி சாகும்வரை ஊஞ்சலைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

மகளிடமிருந்து பீன்ஸை வாங்கி மீதியை அரிந்தேன்.

பாலில் தண்ணீர் கலந்தவன் நான். ஒரு கோடையில் தீவனம் இல்லாமல் மாட்டுக்குப் பால் வற்றிப் போனது. வாடிக்கையை விடக்கூடாது என்று நாலு நாள் கேனுக்கு ஒரு செம்பு ஊற்றினேன். ஐந்தாம் நாள் ஓட்டல்காரர் கடையில் அத்தனை பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற அளவுக் குச்சியைக் கேனில் விட்டார். குச்சியைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கேனை நான் குழாயடிப் பக்கம்கூட வைத்ததில்லை. கழுவுவதென்றாலும் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து தெருவில், நாலு பேர் பார்க்கக் கழுவுவேன். அப்படிப்பட்டவனிடம் ஒன்றே ஒன்றை விட்டுவிடு என்றால் என்ன செய்வேன்? விட முடியாது என்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

மரங்களெல்லாம் சிவந்து உதிர்ந்து முடிந்த ஒரு சனிக்கிழமை வேலையை ஆரம்பித்தோம். மாப்பிள்ளை கையில் ஒரு தடித்த புத்தகம். இங்கிலீஷில் மடமடவென்று படிப்பார், எனக்கு அதில் பாதியைத் தமிழில் சொல்வார். மீதியை நான் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்குப் படம் போட்ட புத்தகம் பெரிய உபகாரம். காலையிலேயே அவர் போய் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து, ஒரு குப்பியிலிருந்து ஏதோ மருந்தும் ஊற்றினார்.

"பெட்ரோலுக்கே மருந்துங்களா?"

"ஆமாங்க மாமா. கெட்டுப் போகாம இருக்கறதுக்கு."

அவ்வளவுதான் சொன்னார். ஏன் நிறைய ஊற்றினார் என்று நானும் கேட்கவில்லை. பங்க் பக்கத்தில் இருக்கிறது, ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இஞ்சின் சூட்டோடு இருக்கும்போதே பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றினோம். சங்கிலியை மண்ணெண்ணெயில் துடைத்து எண்ணெய் போட்டேன். அந்த நேரத்தில் மகள் சமையலறைக் கதவைத் திறந்து பார்த்தாள். நான் ஒவ்வொரு கண்ணியாகத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் நின்றாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். பேட்டரியைக் கழற்றிக் கீழே நிலவறையில் கொண்டுபோய் ஒரு பலகை மேல் வைத்தோம். சக்கரம் தரையின் குளிரை வாங்காமல் அடியில் மரக்கட்டை கொடுத்தோம்.

"சைலன்ஸர்ல துணி அடைக்கணுமாம் மாமா. இல்லாட்டி எலி பூந்துருமாம்."

"இந்த ஊரு எலிக்கும் வூடு வேணுமில்லீங்களா?"

என் பழைய வேட்டியில் ஒரு முழம் கிழித்துச் சுருட்டி அடைத்தேன். ஜரிகைக் கரை வெளியே தெரிந்தது. மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "மாமா, வண்டிக்கே கல்யாணக் களை வந்துருச்சு" என்றார். அதன் மேல் ஒரு உறையைப் போட்டு மூடினோம். ஒன்றையும் விடவில்லை. அன்றைக்கு ராத்திரி மகள் என் தட்டில் சோற்றைப் போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு டெக்சாஸில் வேலை விழுந்தது. ரிச்சர்ட்சன் என்று ஒரு ஊர். திங்கட்கிழமை விடிய விமானம் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவார். அங்கே ஸ்வெட்டர்கூட வேண்டாமாம். ஒரே நாட்டுக்குள் இப்படி. பொங்கல் கழிந்து பேத்தி பிறந்தாள். பிரசவம் ஆஸ்பத்திரியில் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள், மாப்பிள்ளையும் உள்ளேயே நின்றார். நான் பத்தியம் சமைத்தேன். பூண்டுக் குழம்பு, சுக்குக் கஷாயம். பக்கத்து வீட்டுத் தமிழ் ஆன்ட்டி வந்து பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க எங்க வீட்டுக்கும் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். வெளியே முழங்கால் உயரம் பனி. ஜன்னல், கதவு எல்லாம் அடைப்பு. மகளுக்குப் பால் போதவில்லை என்று புட்டிப்பால் கலக்க அடுப்படியில் நிற்கிறேன், மூக்கில் பெட்ரோல் அடித்தது. கராஜ் கதவு இடுக்கு வழியாக வருகிறது. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஒன்றும் தெரியவில்லை என்றாள். எனக்குத் தெரிந்தது. முப்பது வருஷம் பாலோடு இருந்த மூக்கு. நான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. பிள்ளைப் பால் இருக்கிற இடத்தில் நிறை டேங்கோடு வண்டி நிற்கலாமா?

தாயும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்த மத்தியானம், உறையை விலக்கி, டேங்குக்கு அடியில் குழாயைப் பிடுங்கி, புல் வெட்டும் மிஷினுக்கு வைத்திருந்த சிவப்புக் கேன் இரண்டில் ஒரு சொட்டு விடாமல் இறக்கினேன். கேன்களைப் பனியில் கால் புதையத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டுக் கொட்டகையில் வைத்தேன். உறையை முன்பு இருந்தமாதிரியே இழுத்து மூடினேன். அடுத்த நாள் வாசனை இல்லை. மாப்பிள்ளையிடம் மறைக்கவேண்டும் என்று இல்லை. அவர் வந்தால் பிள்ளைப் பேச்சுத்தான். நான் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை நல்ல வெயில் அடித்தது. கராஜ் கதவைத் தூக்கிவிட்டு உறையை எடுத்தோம். வேட்டித் துணியை மாப்பிள்ளை மேளச் சத்தம் வாயாலேயே கொடுத்துக்கொண்டு உருவினார். பேட்டரியை மாட்டினோம். மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் நின்றாள். மாப்பிள்ளை டேங்க் மூடியைத் திறந்து குனிந்தவர் அப்படியே நின்றார்.

"மாமா, பெட்ரோல் எங்க?"

"அதத் தைமாசமே எறக்கிட்டேனுங்களே. கொட்டகையில இருக்குது."

"எறக்கிட்டீங்களா?"

டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே செங்கல் பொடி தூவின மாதிரி இருந்தது. அப்போதுதான் விளக்கினார். டேங்க் நிறைந்திருந்தால் ஈரக் காற்றுக்கு உள்ளே இடம் இருக்காதாம். காலியாக இருந்தால் குளிரில் உள்பக்கம் வேர்த்து வேர்த்துத் துரு ஏறிவிடுமாம். அதற்குத்தான் நிறைய ஊற்றி நிறுத்துவது. எங்கள் ஊரில் இரும்பு வேர்த்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் கொட்டகையிலிருந்து பெட்ரோலைக் கொண்டுவந்து ஊற்றி ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்தார். இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது. பிறகு இருமக்கூட இல்லை.

"பரவால்லீங்க மாமா. பழைய டேங்க்தானே. வித்துடலாம். டீல் டீல்தான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் உறையை மடிக்காமல் அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார்.

மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு. என் தட்டில் மகள் இரண்டு கரண்டி நெய் ஊற்றினாள். மாப்பிள்ளை கை கழுவப் போனதும் குனிந்து சொன்னாள்: "தேங்க்ஸுங்கப்பா."

"நான் அதுக்காகப் பண்ணல கண்ணு. பாலுல வாசம் வந்துச்சு, அதுதான்..."

"சரிங்கப்பா, சரிங்கப்பா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நெய் ஊற்றின சோற்றைத் தட்டு ஓரத்துக்கு ஒதுக்கினேன். பாலில் நாலு நாள் வேண்டுமென்றே தண்ணீர் கலந்தபோதுகூட நான் சோற்றை ஒதுக்கினதில்லை. இப்போது கலக்காமலே கலந்தவன் ஆகிவிட்டேன். அதற்கு நன்றி வேறு.

ஊருக்குத் திரும்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மறுநாளே மாப்பிள்ளையிடம் மண்ணெண்ணெயும், ஒரு கைப்பிடி சின்ன நட்டும் கேட்டேன். "எதுக்குங்க மாமா சிரமம்?" என்றார், ஆனால் பத்து நிமிஷத்தில் கடைக்குக் கிளம்பிவிட்டார். டேங்கைக் கழற்றி, உள்ளே மண்ணெண்ணெயும் நட்டும் போட்டு, மூடி, பழைய கம்பளியில் சுற்றி, பின்கட்டில் உட்கார்ந்து, நட்டு உரசித் துரு உதிரட்டும் என்று மடியில் வைத்து ஆட்டினேன். காலையில் பேத்தியை ஆட்டுவேன், அவள் தூங்கினதும் டேங்கை ஆட்டுவேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம். சிவப்புத் தண்ணீராக வந்தது, பிறகு பழுப்பாக, பிறகு தெளிவாக. மாப்பிள்ளை அடுத்த வெள்ளிக்கிழமை வந்து, புத்தகத்தைப் பார்த்துக் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தார்.

நடுவில் ஒரு நாள் மகள் பின்கட்டுக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏனுங்கப்பா, நல்லபடியா முடிஞ்சத இப்பப் போய் ஆட்டிக்கிட்டிருக்கறீங்க?"

"உனக்கு வேண்டாம்னா உன்ற புருசன்கிட்ட நேரா சொல்லு கண்ணு. என்ற கையி வழியாச் சொல்லாத."

"நேரா சொல்லலயாக்கும்? பயம்னு சொன்னா எதுக்குப் பயம்னு கேக்கறாரு. எதுக்குன்னு சொல்லட்டும்? அவருக்கும் ஊஞ்சல்னுதான் தெரியும்."

எனக்கு ஆட்டின கை நின்றுவிட்டது.

"மாப்ளைகிட்டயுமா ஊஞ்சல்னு சொன்னே?"

"நீங்கதானேப்பா சொல்லச் சொன்னீங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் பிறகு மீதியையும் ஆட்டி முடித்தேன்.

சனிக்கிழமை டேங்கை மாட்டிப் புதுப் பெட்ரோல் ஊற்றினோம். மாப்பிள்ளை அழுத்தினார். முதல் அழுத்திலேயே பிடித்துக்கொண்டது. கட்டித் தயிர் கடைகிற மாதிரி ஒரே சீரான சத்தம். மகள் படியில் நின்றிருந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அவள் உள்ளே திரும்பினாள்.

"மாப்ளை, கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

"ஏனுங்க மாமா? சூப்பரா ஓடுதே!"

"ஆஃப் பண்ணுங்க, சொல்றேன். என்ற புள்ள ஊஞ்சல்ல உழுவல."

வாய்க்கால் வளைவு, இரண்டு கேன், டேங்க் மேல் உட்காரவைத்தது, முறுக்கினது, நாலு தையல், வீட்டில் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். நீளமாகத்தான் சொல்லியிருப்பேன், எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. மாப்பிள்ளை வண்டி மேல் உட்கார்ந்தபடியே கேட்டார். அவர் கை டேங்க் மேல் இருந்தது. பாதியில் அந்தக் கையை எடுத்துவிட்டார். மகள் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இத்தன நாள் சிரிச்சுக்கிட்டு இருந்தேனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று அவளைக் கேட்டார்.

"அப்பா பேரு கெட்டுப் போகும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் உறையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது? இரண்டு பேரும் உள்ளே போய்ப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை அழுததால் நான் போய்த் தூக்கிக்கொண்டேன். அன்றைக்கு மத்தியானம் நெய் ஒரு கரண்டி, எல்லோருக்கும் போலத்தான்.

நான் ஊருக்கு வந்து ஒரு மாதம் போல ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை போன் செய்தார். பேத்தி குப்புற விழுந்துவிட்டாள் என்றார். டெக்சாஸ் வேலை முடிந்துவிட்டது என்றார். அப்புறம், வண்டியைக் கொடுத்துவிட்டேன் மாமா என்றார்.

"மக்கர் பண்ணுச்சுங்களா?"

"இல்லீங்க மாமா. வாங்க வந்தவன் முன்னாடி ஒரே அழுத்துல ஸ்டார்ட் ஆச்சு. டேங்க்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு, புதுசு போட்டீங்களான்னு கேட்டான். நாந்தான் கொடுத்துடலாம்னு கொடுத்துட்டேன்."

மகள் பக்கத்தில்தான் இருந்தாள் போல, பிள்ளைச் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது, கேட்டேன்.

"பெட்ரோல் நெறைய ஊத்திக் குடுத்தீங்களா மாப்ளை?"

"நெறைய ஊத்தித்தான் குடுத்தேனுங்க மாமா."